நிறுத்தத்துக்குக் காரணம்

டீசல் என் பொறுப்பு.
பாராகுவேயின் வடமேற்கே, சாக்கோவில்,
ஒரு தகரக் கொட்டகை, மேசை, கிறீச்சிடும் மின்விசிறி.
விடியலில் இரண்டு புல்டோசருக்கும் அளந்து ஊற்றுவேன்.
இருட்டியதும் எத்தனை ஹெக்டேர் என்று கேட்டு எழுதுவேன்.
நடுவே நடப்பது
என் தாளில் வராது.

நடுவே நடப்பது இது:
ஏதோ ஒரு கப்பலில் கழற்றிய நங்கூரச் சங்கிலி.
ஒரு நுனி எலாதியோவின் வண்டியில்,
மறுநுனி கிரிஸ்பினின் வண்டியில்.
இருவரும் இணையாக நகர்ந்தால் போதும்,
கடலையே காணாத காட்டைச் சங்கிலி
வேரோடு வாரிக்கொண்டு போகும்.
பாலோசாந்தோ மரம் முறிகிற நாளில்
கொட்டகைவரை தேவாலயம் போல மணக்கும்.
முதல் வாரம் அதை ஆழமாக இழுத்து ரசித்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
எலாதியோவின் வண்டி நாற்பது நிமிடம் நின்றது.

சங்கிலி ஒரு வளையைப் பிளந்துவிட்டது.
உள்ளே ஆர்மடில்லோ, இருப்பதிலேயே பெரிய வகை,
மாட்டுவண்டி என்றுதான் இங்கே பட்டப்பெயர்.
அரிவாள் நகத்தால் வளை தோண்டும்,
ஓரிரு இரவு தூங்கும், அப்படியே விட்டுப் போகும்.
பின்னால் நரி வரும், எறும்புதின்னி வரும்,
வாடகை கேட்க ஆளில்லை.

பகல் வெளிச்சத்தில் கண் கூசி நின்றதாம்.
பின்னங்கால்களில் எழுந்து, மூக்கை நீட்டி,
புல்டோசரின் தகட்டில் ஒரு நகத்தை வைத்ததாம்,
பக்கத்து வீட்டுக் கதவைத் தொடுவது போல.
எலாதியோ எஞ்சினை அணைத்தார்.
கிரிஸ்பின் ஹாரன் அடித்தார், அவர் தாயைத் திட்டினார்,
பிறகு தானும் அணைத்துவிட்டு
தெரெரேயை உறிஞ்சத் தொடங்கினார்.
அது அவசரப்படவில்லை.
நின்றிருந்த மரங்களை நோக்கி நடந்தது.
அந்தப் பக்கம் அடுத்த புதனுக்குப் பட்டியலில் இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: நிறுத்தத்துக்குக் காரணம்.
மூன்று விடைகளுக்குத்தான் அனுமதி.
மழை. எரிபொருள். இயந்திரக் கோளாறு.
மழை பெய்து ஐந்து மாதம்.
எரிபொருள் என்றால் உருள்வது என் தலை.
கோளாறு என்று எழுதினேன்.

அசுன்சியோனில் இருந்து மறுநாளே பதில்:
கோளாறு ஓட்டுநரின் கவனக்குறைவு,
நாற்பது நிமிடம் எலாதியோவின் கணக்கில் பற்று.
பற்று. அந்தச் சொல்லை
அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலக்காரர் சட்டப்படி கால்வாசிக் காட்டை விட்டிருக்கிறார்,
வரைபடத்தில் பச்சை கோட்டைத் தாண்டவில்லை.
அவருக்குக் கடன் தந்த வங்கி
ஒரு கிளையைக்கூட ஒடித்ததில்லை.
கரி மூட்டையில் சிரிக்கிற குடும்பம், புரியாத எழுத்து.
நாளை இங்கே மேயும் மாட்டின் தோல்
பனி பெய்யும் ஊரில் கார் இருக்கையாகும்.
மெத்தென்று இருக்கிறது என்பார் அமர்கிறவர்,
அது பொய்யும் இல்லை.
என் குளிர்பெட்டிக்குத் தவணை இந்தச் சம்பளத்தில்.
என் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வேகிறது இதே கரியில்.
ஆளுக்கொரு கண்ணி கையில்,
சங்கிலியை இழுப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

இத்தனை பேரில் காசு கட்டியவர் ஒருவர்.
அவரும் கட்டியது நின்றதற்கு.

சனிக்கிழமை சம்பள வரிசை.
எலாதியோ தாளை விரல் வைத்துப் படித்தார்.
"கோளாறா?"
"வேறு கட்டம் இல்லை, எலாதியோ."
"மழை என்று போட்டிருக்கலாமே, நில்டா."
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்,
கையெழுத்துக்கு இடம் காட்டினேன்.

புதன்கிழமை, விடிந்தும் விடியாமல்,
இரண்டு வண்டிக்கும் டீசல் ஊற்றினேன்.
ஒன்றுக்கும் பாதித் தொட்டிக்கு மேல் போகவில்லை.
மதியத்தோடு வற்றும்.
புது டிரம் வரச் சாயங்காலமாகும்,
அரை நாள்தான், தெரியும்,
அந்த நகங்கள் அரை நாளில் எவ்வளவு தூரம் போகும்
என்பதுதான் தெரியாது.
படிவத்தை எடுத்தேன். வண்டிகள் கிளம்பும் முன்பே
அந்தக் கட்டத்தில் எழுதி வைத்தேன்:
எரிபொருள்.